பாத்திர ஆட்டத்தில் துணைமாந்தர்

எமது கல்லூரித்தாய் விழாக்கோலம் பூண்டு நிற்கும் இந்நன்னாளிலே, மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராகிய யாம் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணத்தை முற்றாகப் பொய்ப்பியாது, ஆயினும் நடந்து பழகிய பாதையினின்றும் சற்றே விலகி, மேனாட்டிலே தோன்றிய ஓர் ஆட்டத்தைப் பற்றி இங்கு ஆராயப் புகுகின்றோம். ஆட்டம் என்றதும் மாணவர் மகிழ்வர்; ஆசிரியர் புருவம் நெரிப்பர். இருசாராரும் சிறிது பொறுத்தல் வேண்டும்.

இக்கட்டுரைக்குக் காரணமாயிருந்தவர் இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். பல்லாண்டுகளாக அந்நிய நாட்டில் வாழும் அவர், சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். தாம் படித்த விடுதியைப் பார்க்க வந்தவர், விடுமுறைக்கு வீடு செல்லாது தங்கியிருந்த மாணவர் ஐவரைக் கூட்டிவைத்து, நான்கு இரவுகள் இவ்வாட்டத்தை நடத்தினார். யாம் ஒரு மூலையில் விடைத்தாள்களைத் திருத்தியவண்ணம் இருந்தோம். முதலிரவில் முப்பது தாள்கள் திருத்தினோம். மூன்றாமிரவில் ஒன்றேனும் திருத்தினோமல்லோம்.

ஆட்டம் இன்னதென்பது

இவ்வாட்டம் பெரும்பாலும் ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் இருந்து ஆடுவது. ஒருவர் நடுவராய் அமைவர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரைத் தமக்கெனக் கொள்வர். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரம் கற்றவர், ஒருவர் கள்வர் என்றவாறு அவை அமையும். நடுவர் ஓரிடத்தையும் அங்கு நிகழ்வதையும் விரித்துரைப்பார். “பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கின்றீர்கள். உள்ளே எங்கோ நாய் குரைக்கின்றது. யாது செய்வீர்கள்?” என வினாவுவார். ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். அச்செயல் முடியுமோ முடியாதோ என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டித் துணிவர். இவ்வாறு உரையும் மறுமொழியுமாகக் கதை வளர்ந்து செல்லும். வென்றவர் தோற்றவர் எனும் பேச்சு பொதுவாக இதன்கண் இல்லை.

இனி, அக்கதையுலகில் ஆடுவோரின் பாத்திரங்கள் மட்டுமா உள்ளன? வாயில் காப்போன் உளன், சத்திரக்காரி உளள், வரி தண்டுவோன், கொல்லன், குருக்கள், கொள்ளைத்தலைவன், அரசன் என எண்ணிறந்தோர் உளர். இவர்கள் எல்லோர்க்கும் குரல் தருபவர் நடுவர் ஒருவரே. இவர்களை ஆங்கிலத்தில் ‘ஆடுவோர்க்கு உரியரல்லாத பாத்திரங்கள்’ எனும் பொருள்படும் தொடரால் வழங்குவர். அப்பெயர் அவர்கள் இன்னாரல்லர் என்று கூறுகின்றதேயன்றி இன்னார் என்று கூறவில்லை. ஆதலின் யாம் துணைமாந்தர் என்னும் சொல்லை ஆள்வோம். துணை என்றமையால் நண்பரை மட்டும் குறித்தோமல்லோம்; பகைவரும் அயலாரும் அதனுள் அடங்குவர். பகைவனும் கதைக்குத் துணையே.

வரலாறு

துணைமாந்தரின் பிறப்பை அறிய விரும்புவோர் போர்ப்பயிற்சி ஆட்டங்களின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். பிரசிய நாட்டுப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டில் ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் போராட்ட விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின் மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள் வைக்கப்பட்டன. இரு பக்கத்தார்க்கும் இடையே ஒரு நடுவர் இருந்து, எப்பக்கத்தார்க்கு எதனை அறிய இயலுமோ அதனை மட்டும் அவர்க்கு அறிவித்தார். விதிகள் பெருகிச் சுமையானபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, விதிநூலினும் நடுவரின் அனுபவ அறிவே சிறந்த அளவுகோல் என வற்புறுத்தினார். அமெரிக்கப் படை அதிகாரியான சார்ள்ஸ் டொட்டன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரற்றீகோஸ்’ என்னும் நூலும் இவ்வழியில் வந்ததே.

அவ்வாட்டங்களில் நூறு வீரர் ஒரு கட்டையாயினர். கட்டை வீழ்ந்தால் எண்ணிக்கை குறையும், அவ்வளவே. கட்டைக்குப் பசியில்லை, அச்சமில்லை, வீட்டில் காத்திருப்போர் இல்லை.

மாற்றம் 1969இல் நிகழ்ந்தது. மினசோட்டா மாநிலத்து இரட்டை நகர்ப்பகுதியில் டேவிட் வெஸ்லி என்பார், டொட்டனின் நூலைக் கற்றவர், ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் கற்பனைச் ஜேர்மனிய ஊரை அமைத்தார். நெப்போலியன் காலத்துப் படைகள் அவ்வூரை அணுகுகின்றன என்பது கதை. ஆனால் வந்திருந்தோர் பலர்க்கும் படைகளைக் கொடுப்பதற்குப் பதிலாக, நகரத் தலைவர், பல்கலைக்கழக அதிபர் என்றவாறு ஒவ்வொருவர்க்கும் ஓராளையும் அவ்வாளுக்கு ஒரு நோக்கத்தையும் கொடுத்தார். ஆடுவோர் தனித்தனியே மூலைகளிற் கூடிச் சூழ்ச்சி செய்யத் தொடங்கினர், ஒழுங்கு குலைந்தது. ஆட்டம் தோற்றுவிட்டதென வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் எப்போது என்று கேட்டனர்.

அவ்வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னிசன் இக்கருத்தை வளர்த்துப் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டைப் படைத்தார். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கரி கைகக்ஸ், ஜெப் பெரன் என்பாரோடு சேர்ந்து 1971இல் ‘செயின்மெயில்’ என்னும் போர்விதி நூலை வெளியிட்டிருந்தார். ஆர்னிசனும் கைகக்சும் இணைந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். முதற்பதிப்பு 1,000 பிரதிகளே. அதன் முதல் நூலிலேயே துணைமாந்தர் பற்றி ஒரு பகுதி உண்டு. அவர்களை வேலைக்கு அமர்த்துவது எவ்வாறு, அவர்தம் விசுவாசம் எத்தகையது என்பனவே அங்கு கூறப்பெற்றன. கட்டைக்கு மனம் வாய்த்தது என்று நாம் கூறலாம். ஆயின் அம்மனம் முதலிற் கூலியாளின் மனமாகவே வாய்த்தது.

பகடை கற்பிக்கும் பாடம்

துணைமாந்தரின் மனத்தை விதியாக வகுத்தவாறு ஆராயத்தக்கது. ரொம் மோல்ட்வே பதிப்பித்த 1981ஆம் ஆண்டு அடிப்படை நூலில் வரும் மூன்று விதிகளை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது எதிர்கொள்ளும் விதி. முன்பின் அறியாத ஒருவரையோ விலங்கையோ வழியிற் கண்டால், நடுவர் இரண்டு பகடைகளை உருட்டலாம். கூட்டுத்தொகை 2 ஆயின் எதிர்ப்பட்டவர் உடனே தாக்குவர். 3 முதல் 5 வரை ஆயின் பகைமை காட்டுவர். 6 முதல் 8 வரை ஆயின் துணிவின்றி நிற்பர். 9 முதல் 11 வரை ஆயின் தாக்கார். விலகிச் செல்வர் அல்லது சொல்வதைச் செவிமடுப்பர். 12 ஆயின் மனமுவந்து நட்புக் கொள்வர்.

கணிதம் பயிலும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க. இரு பகடைகள் விழும் வகை 36. அவற்றுள் உடனே தாக்குவதற்கு வழி ஒன்று. உவந்து நட்பாவதற்கும் வழி ஒன்றே. பகைமைக்கு ஒன்பது; செவிமடுப்பதற்கு ஒன்பது; துணிவின்றி நிற்பதற்குப் பதினாறு. அஃதாவது, எதிர்ப்படுவோருள் மிகப்பெரும் பகுதியினர் நண்பருமல்லர், பகைவருமல்லர்; நாம் யாது சொல்வோம், யாது செய்வோம் எனப் பார்த்து நிற்பவரே. அயலான் ஒருவனைக் கண்டமாத்திரத்தே வாளை உருவுபவன், முப்பத்தாறில் ஒன்றுக்கு அஞ்சி முப்பத்தைந்தையும் இழக்கின்றான்.

இரண்டாவது மனவுறுதி விதி. போரில் எதிர்நிற்போர் ஒவ்வொருவர்க்கும் 2 முதல் 12 வரை ஓரெண் உண்டு. தம் பக்கத்தில் முதல் உயிர் வீழ்ந்தபோதும், பாதிப்பேர் செயலிழந்தபோதும் நடுவர் இரு பகடைகளை உருட்டுவார். வந்த தொகை அவ்வெண்ணை விஞ்சுமாயின் அவர்கள் போரைக் கைவிடுவர். எல்லோரும் இறுதிமூச்சுவரை போராடுவர் என்பது கதைகளில் நாம் செய்துகொள்ளும் பொய். உயிர்மேல் ஆசையுள்ளவன் ஓடுவான், அல்லது கைகூப்புவான். கைகூப்பியவனை என் செய்வது என்னும் வினா அதன்பின் ஆடுவோர் முன் வந்து நிற்கும்.

மூன்றாவது ஊழியர் விதி. ஆடுவோரின் பாத்திரத்துக்குப் பிறரைத் தன்பால் ஈர்க்கும் தகைமை ஓர் எண்ணாக அமையும். அத்தகைமை நடுத்தரமாயின் அவர் நான்கு ஊழியரை உடன்கொள்ளலாம். அவர்தம் விசுவாசம் 7. தகைமை உச்சமாகிய 18 ஆயின் ஏழு ஊழியரைக் கொள்ளலாம், விசுவாசம் 10. விசுவாசம் 7 ஆகிய ஊழியன் சோதனைக்குட்படும்போது கைவிட்டுப் போவதற்கு 36இல் 15 வழிகள் உள. விசுவாசம் 10 ஆயின் 3 வழிகளே. இவ்வெண் நிலையானதுமன்று. ஊழியனை நன்கு நடத்தினால் நடுவர் அதனை உயர்த்தலாம். இழிவாக நடத்தினால் தாழ்த்தலாம். கூலி கொடுத்து வாங்கக்கூடியது உழைப்பு; விசுவாசம் வேறு வகையால் ஈட்டப்படுவது என்பதை இச்சிறு விதி ஓசையின்றிக் கூறுகின்றது.

துணைமாந்தரின் தொழில்கள்

துணைமாந்தர் ஆட்டத்தில் ஆற்றும் தொழில்களைத் தொகுத்து நோக்கின் அவை நான்காம்.

ஒன்று, அறிவித்தல். கதையுலகை ஆடுவோர் கண்ணாற் காணவியலாது. அவ்வுலகின் வழக்கம், வதந்தி, விலைவாசி, அச்சம் யாவும் யாரேனும் ஒருவர் வாயிலாகவே வரல் வேண்டும். நடுவர் தாமே பத்து நிமிடம் வரலாறு படித்தால் ஆடுவோர் கொட்டாவி விடுவர். அதே வரலாற்றைச் சத்திரக்காரி, தன் மகன் அக்கோட்டைக்குப் போய் மீளாமை கூறி அழும்போது சொன்னால், ஒரு சொல்லும் தவறாது கேட்பர்.

இரண்டு, ஏவுதல். மார்க் மில்லர் இயற்றி 1977இல் வெளிவந்த ‘டிரவலர்’ என்னும் விண்வெளி ஆட்டத்தில், ஆடுவோரை ஒரு வேலைக்கு அமர்த்தும் புரவலர் வந்து சந்திப்பதற்கு விதியே உண்டு. வேலை தருபவர் சொல்வது யாவும் உண்மையாதல் வேண்டுமென்பதில்லை என்பதே அங்கு சுவை.

மூன்று, எதிர்த்தல். ட்ரேசி ஹிக்மன், லோரா ஹிக்மன் தம்பதியர் எழுதி 1983இல் வெளிவந்த ‘ரேவன்லொவ்ட்’ என்னும் ஆட்டக்கதை இதற்கு நல்லெடுத்துக்காட்டு. நிலவறை ஒன்றில், அங்கிருப்பதற்கு ஒரு காரணமுமின்றி இரத்தக்காட்டேரி ஒன்று எதிர்ப்பட்டதைக் கண்டு மனம் நிறைவுறாமையே அக்கதை எழுதத் தூண்டுதலாயிற்று என்பர். அவர்கள் படைத்த ஸ்ட்ராட் என்னும் கோட்டைத் தலைவன் தன் அறையில் வாளாவிருந்து ஆடுவோர் வரவை நோக்கிக் காத்திருப்பவனல்லன். அவனுக்கு ஒரு பழங்காதலும் ஒரு பெரும்பழியும் உண்டு. அவன் நாடுவது யாது என்பது ஆட்டத்தொடக்கத்திற் சீட்டெடுத்துத் துணியப்படும். அவன் தானே புறப்பட்டு வருவான். நோக்கமுடைய பகைவன் வந்தபின்னரே ஆடுவோர்க்கும் நோக்கம் கூர்மையாகின்றது.

நான்கு, காட்டுதல். ஆடுவோர் செய்த செயலின் பயனை அவர்க்குக் காட்டும் கண்ணாடி துணைமாந்தரே. காப்பாற்றிய ஊரார் மறுமுறை செல்லும்போது கதவு திறப்பர். ஏமாற்றிய வணிகன் ஊர்தோறும் சொல்லிவைப்பான். இத்தொழிலே தலையாயது என்பது எமது துணிபு. கண்ணாடி இல்லாத வீட்டில் முகத்திற் கரியிருப்பதை ஒருவன் எவ்வாறு அறிவான்?

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். சில நடுவர் தமக்கு உவப்பான துணைமாந்தர் ஒருவரைப் படைத்து, அவரை ஆடுவோரினும் வல்லவராக்கி, எல்லா இடர்களையும் அவரே தீர்க்குமாறு செய்வர். அப்போது ஆடுவோர் பார்வையாளராவர். வகுப்பில் வினாவைத் தாமே எழுப்பி விடையையும் தாமே கூறி மகிழும் ஆசிரியர்க்கு இக்குற்றம் எளிதில் விளங்கும். யாமும் அக்குற்றத்திற்கு அயலேமல்லேம்.

பெயரும் வேட்கையும்

துணைமாந்தரை உயிருடையவராக்குவது எது? பெயர் என்பர் சிலர். வின்சன்ட் பேக்கரும் மெகெ பேக்கரும் இயற்றி 2010இல் வெளிவந்த ‘அப்போகலிப்ஸ் வேள்ட்’ என்னும் ஆட்டம், எதிர்ப்படும் ஒவ்வொருவர்க்கும் பெயரிட்டு மனிதராக்குக என்பதை நடுவர்க்குரிய நெறிகளுள் ஒன்றாக வைத்தது. அதே நூல், அவர்களைச் சாவினின்றும் காத்துப் போற்றற்க என்றும் நடுவர்க்குக் கூறுகின்றது. பெயரிட்டபின் இழத்தற்கு உடன்படுக என்பதே அதன் கருத்து. இழப்பு இழப்பாகத் தோன்றுவது பெயருள்ளபோதன்றோ?

ஆயின், கைகக்ஸ் எழுதிய ‘எல்லைக் கோட்டை’ என்னும் புகழ்பெற்ற ஆட்டக்கதையில், கோட்டையில் வாழ்வோர் எவர்க்கும் பெயரில்லை. கோட்டைத்தலைவர், குருக்கள், கொல்லர் எனத் தொழிலாலேயே சுட்டப்படுவர். பெயரிடல் நடுவரின் பொறுப்பாக விடப்பட்டது. அக்கோட்டையில் விருந்தினராய்த் தங்கும் சிரித்த முகமுடைய சமயகுரு ஒருவர் உளர். அவர்க்கும் பெயரில்லை. அவரோ ஆடுவோர்க்கு உதவுவார்போல் உடன்சென்று தக்க தருணத்திற் காட்டிக்கொடுக்கும் கரவுடையவர். பெயரின்றியும் அவர் ஆடியோர் நினைவில் நிற்கின்றார்.

தமிழ்மாணவர்க்கு இது புதிதன்று. அகப்பாடல்களில் எவர்க்கும் இயற்பெயர் கூறலாகாதென்பது தொல்காப்பியர் விதி. களவிற் கூற்று நிகழ்த்துதற்குரியார் அறுவர் எனவும், கற்பில் அவரோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரையும் கூட்டிப் பன்னிருவர் எனவும் அவர் வகுத்தார். தோழிக்குப் பெயரில்லை, எனினும் தலைவியை எவ்வாறேனும் மணவாழ்வில் நிறுத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவளுக்கு உண்டு. வழியிற் கண்டோர்க்கும் பேசும் உரிமை தந்த இலக்கணம் நமது இலக்கணம் என்பதை யாம் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சம் நிமிர்கின்றோம்.

சிலப்பதிகாரத்தை நோக்குக. கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய பொற்கொல்லனுக்கு அடிகள் பெயர் தந்தாரல்லர். அவன் வேட்கையைத் தந்தார். தன் களவை மறைத்தல் வேண்டும் என்பதே அது. கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆயர்மகளுக்கு மாதரி எனப் பெயர் தந்தார். அடைக்கலம் காக்க இயலாமற் போயிற்றே என்று அவள் தீப்புகுந்தாள். பெயருடையாள் ஒருத்தி, பெயரிலான் ஒருவன். இருவரும் கதையினின்றும் நீக்கவொண்ணாதவர்.

ஆகவே பெயர் வாயில்; வேட்கையே வீடு. ஒருவர் யாதினை நாடுகின்றார், யாதற்கு அஞ்சுகின்றார், எவ்வாறு பேசுகின்றார் என்னும் மூன்றும் அமைந்தால் அவர் உயிர் பெறுவர். ஆயினும் வாயிலின் வழியேதான் வீட்டுக்குட் செல்லல் வேண்டும் என்பதை அவ்விடுமுறையின் மூன்றாமிரவு எமக்கு உணர்த்தியது.

பந்தம் பிடித்தவன்

எமது மாணவர் ஐவரும் நிலவறை ஒன்றினுட் புகுவதற்கு முன்னர், ஊரிலே ஓர் இளைஞனைப் பந்தம் பிடிக்கக் கூலிக்கு அமர்த்தினர். உட்சென்றபின் அவனையே ஒவ்வொரு கதவுக்கும் முன்னே அனுப்பினர். பொறி இருந்தால் அவன் அகப்படுவான். தாம் தப்பலாம் என்பது அவர்தம் சூழ்ச்சி. அது சாமர்த்தியமென்று தம்முள் மெச்சியும் கொண்டனர். மூன்றாங் கதவில் நிலம் விலகியது. இளைஞன் குழியுள் வீழ்ந்து இறந்தான். விளிம்பில் விழுந்துகிடந்த பந்தத்தை ஒருவன் எடுத்துக்கொண்டான். அடுத்த கதவுக்குச் சென்றனர்.

ஊருக்கு மீண்டபோது அவர்களுக்கு வேறொரு பந்தக்காரன் வேண்டியிருந்தது. கடைத்தெருவில் வினாவினர். எவரும் வந்திலர். ஒரு கிழவன் மட்டும், “முன்னர் உங்களோடு வந்த பொடியன் எங்கே?” என்று கேட்டான். மாணவர் சிரித்தனர். நடுவராயிருந்த பழைய மாணவர் சிரித்தாரல்லர்.

ஐவருள் மிகக் குறைவாகப் பேசுபவன் ஒருவன். அவன், “நாங்கள் அவன் வீட்டிற்குப் போவோம், கூலியையாவது கொடுப்போம்” என்றான். போயினர். கதவைத் திறந்த தாயின் குரலில் நடுவர் அமைதியாகக் கேட்டார்: “ஆரைத் தேடி வந்தனீங்கள், தம்பிமார்?”

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். விடையில்லை. அவன் பெயரை அவர்கள் கேட்டதேயில்லை. ஒருவன் நடுவரை நோக்கி மெல்ல, “அண்ணை, அவனுக்கு என்ன பேர்?” என்றான். நடுவர் கூறினார்: “கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்.”

அவ்விரவு ஆட்டம் அத்துடன் நின்றது. நான்காமிரவில் அவர்கள் மீண்டும் அந்நிலவறைக்குட் சென்றது புதையல் தேடியன்று; குழியினின்றும் அவ்வுடலை எடுத்துத் தாயிடம் சேர்ப்பதற்கே. அதற்கு எவரும் அவர்களுக்குக் கூலி தந்திலர். பெயர் அறியப்படாமற் போனோர் பலரைக் கண்ட மண்ணிற் பிறந்த பிள்ளைகள் அவர்கள். அதனை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

எமக்கான பாடம்

இதுகாறும் மாணவர் குற்றத்தை உரைத்தோம். எமது குற்றத்தையும் உரைப்பதே முறை.

அந்நான்கு இரவுகளிலும் விடுதிச் சமையற்கட்டினின்றும் தேநீர் கொண்டுவந்த முதியவர் ஒருவர், கோப்பைகளை வைத்தபின் உடனே செல்லாது வாயிற்படியில் நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராண்டுகளாக எமக்குத் தேநீர் தருபவர் அவர். மூன்றாமிரவு மாணவர் கலைந்து சென்றபின் அவர் வெற்றுக் கோப்பைகளை எடுக்க வந்தார். நன்றி கூற வாயெடுத்த யாம், அவரை விளிப்பதற்கு ஒரு பெயர் எம்மிடம் இல்லாமை கண்டு வாய்மூடினோம். பதினோராண்டும் “ஐயா” என்றே அழைத்திருந்தோம். அது மரியாதை என எண்ணியிருந்தோம். கேளாமைக்கு அதுவொரு போர்வையாயிருந்ததை அன்று அறிந்தோம்.

வெட்கத்தை விட்டுக் கேட்டோம். அவர் தம் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். பின்பு கோப்பைத் தட்டைக் கையில் ஏந்தியவாறே, “அந்தப் பந்தம் பிடிச்ச பொடியனை அப்பிடியே குழிக்குள்ள விட்டிட்டு வந்திட்டாங்களோ, வாத்தியார்?” என்று வினாவினார். மேசையிலிருந்த அறுவரும் மூலையிலிருந்த யாமும் அவனை மறந்திருந்த வேளையிலும் அவர் மறந்திருக்கவில்லை. மறுநாள் மாணவர் நிலவறைக்கு மீண்டனர் என்றோமல்லவா? அவ்வினாவை யாமே காலையில் அவர்களிடம் எடுத்துச் சென்றோம். வினாவுக்குரியவர் இன்னார் என்றும் பெயர் சொல்லிக் கூறினோம். அவரது பெயர் அச்சில் வருதலை அவர் விரும்பாமையால் இங்கு எழுதினோமல்லோம். ஆனால் விடுதி மாணவர் யாவரும் இன்று அறிவர்.

அதன்பின் எமது வகுப்பில் ஒரு பயிற்சியைத் தொடங்கினோம். பாடநூலில் வரும் கதை யாதாயினும், அதிற் சில அடிகளே இடம்பெறும் ஒருவரைத் தெரிந்து, அவர் அன்று காலை துயிலெழுந்தபோது யாதினை நாடினார், யாதற்கு அஞ்சினார் என்பதை ஒருபக்கம் எழுதுமாறு பணிக்கின்றோம். முன்னர்க் கட்டுரை எழுதக் கைகூசிய மாணவர் பலர் இதனை விரும்பி எழுதுகின்றனர். மேடையிற் சேவகனாகவே எந்நாளும் நிறுத்தப்படும் பிள்ளைக்குச் சேவகனின் மனத்தை எழுதுவது எளிதாயிருக்கின்றது போலும். ஆசிரியராய் உள்ளோர்க்கு யாம் கூறுவதும் இதுவே: நாற்பது பேர் உள்ள வகுப்பில் கையுயர்த்தும் ஐவரை மட்டும் கதாநாயகராகக் கொண்டு பாடம் நடத்துவோமாயின், ஏனைய முப்பத்தைவரையும் நாமே துணைமாந்தராக்கி, அவர்க்கு வேட்கையும் தராது விட்டவராவோம்.

பழைய மாணவர்களே, இவ்விழாவிலே நும் ஆசிரியர்களை நினைவுகூர்வீர்கள். அதிபர்களின் படங்களுக்கு மாலை சூட்டுவீர்கள். அவை தக்கனவே. அவ்வேளையில், நீவிர் பயின்ற நாளில் மணி அடித்தவர், ஆய்வுகூடத்திற் குடுவை கழுவியவர், விடுதியிற் சோறு பரிமாறியவர், மழைநாளில் வாயிலைச் சற்று நேரம் அதிகமாகத் திறந்துவைத்தவர் ஆகியோரையும் எண்ணிப் பார்ப்பீர்களாக. அவர்தம் பெயர்களுள் எத்தனை நும் நினைவிற்கு வருகின்றன? ஒன்றேனும் வருமாயின், அதனை இவ்விழா மண்டபத்தில் ஒருமுறை உரக்கச் சொல்வீர்களாக. வாராதாயின், அவருள் இன்றும் நம்மிடையே உள்ளவரிடம் சென்று கேட்பீர்களாக. கேட்டால் சொல்வர்.

நம் கல்லூரி நீடு வாழ்க. அதனைத் தாங்கிய எல்லா மாந்தரும் வாழ்க.